கடிகாரம் வைத்து நாவல் எழுதியவர்

விடியற்காலை நேரம். லண்டனுக்குப் பக்கத்தில் வால்தம் கிராஸ் என்ற ஊர். வயதான வேலைக்காரர் ஒருவர் காபியுடன் வந்து எஜமானரை எழுப்புகிறார். இப்படித் தவறாமல் எழுப்புவதற்கென்றே அவருக்கு ஆண்டுக்கு 5 பவுன் தனிச் சம்பளம்!

எஜமானர் எழுந்து 5½ மணிக்கு மேஜை முன் உட்காருகிறார். கடிகாரத்தை எதிரே வைக்கிறார். முதல் அரை மணி நேரம், நேற்று எழுதியதைப் படிக்கிறார். பிறகு பேனா ஓடுகிறது. கால் மணிக்கு 250 வார்த்தை. 8½ மணிக்கு எழுத்து வேலை முடிந்துவிடும். அதன் பிறகு தபால் இலாகா வேலை.

அவர்தான் ஆண்டனி டிரோலப். 47 நாவல்கள் எழுதிய ஆங்கில எழுத்தாளர்.

சேற்றில் நடந்த சிறுவன்

டிரோலப் 1815-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். தந்தை வக்கீல். ஆனால் முன்கோபி. கட்சிக்காரர்கள் ஓடிவிட்டார்கள். விவசாயம் செய்தார், கடன்தான் மிஞ்சியது.

மகன் படித்ததோ பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் ஹாரோ பள்ளியில். வீட்டிலிருந்து மூன்று மைல் சேற்றில் நடந்து போவான். அழுக்குச் சட்டையைப் பார்த்து மற்றப் பையன்கள் ஒதுக்கினார்கள். விளையாட யாரும் இல்லை. அதனால் மனதுக்குள்ளேயே கதை கட்டினான். ஒரே கதையை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வளர்ப்பான்.

15-வது வயதில் தினசரிக் குறிப்பு எழுதத் தொடங்கினான். பத்து ஆண்டுகள் எழுதினான். பெரிய விஷயம் ஒன்றும் அதில் இல்லை. ஆனால் கை மளமளவென்று ஓடப் பழகிவிட்டது. பிற்காலத்தில் சோறு போட்டது அந்தப் பழக்கம்தான்.

தாயார் பிரான்சிஸ், 50 வயதுக்கு மேல் புத்தகம் எழுதத் தொடங்கியவர். கடன்காரர்களுக்குப் பயந்து குடும்பம் பெல்ஜியத்துக்கு ஓடியது. அங்கே நோயாளிக் கணவரையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டே கதை எழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றினார். இப்படிப்பட்ட தாய்க்குப் பிறந்தவர், எழுத மனநிலை வரட்டும் என்று காத்திருப்பாரா?

ரெயிலிலும் கப்பலிலும்

1834-ல் டிரோலப் தபால் இலாகாவில் குமாஸ்தா ஆனார். கடனும் கண்டிப்புமாக ஏழு ஆண்டுகள் போயின. 1841-ல் அயர்லாந்துக்கு மாற்றலானார். அங்கேதான் வாழ்வு மலர்ந்தது. 1844-ல் ரோஸ் என்ற பெண்ணை மணந்தார். 1847-ல் முதல் நாவல் வெளிவந்தது. அது விற்கவில்லை. அடுத்த இரண்டும் அப்படியே. அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

தபால் வேலைக்காக ஊர் ஊராக ரெயிலில் போகவேண்டியிருந்தது. முழங்காலில் பலகை வைத்துப் பென்சிலால் எழுதினார். மனைவி அதைத் திருத்தமாகப் பிரதி எடுத்தார். 1857-ல் வந்து புகழ் தந்த 'பார்செஸ்டர் டவர்ஸ்' நாவலின் பெரும்பகுதி ரெயிலில் எழுதியதே!

1858-ல் எகிப்துக்குக் கப்பலில் போனார். இந்தியாவுக்கு வரும் தபாலை எகிப்து வழியாக ரெயிலில் கொண்டுசெல்ல ஒப்பந்தம் பேசும் வேலை. கடலில் கொந்தளிப்பு. எழுதிக்கொண்டே இருப்பார், அறைக்கு ஓடி வாந்தி எடுப்பார், திரும்பி வந்து எழுதுவார். எகிப்தில் ஒருநாள் அந்த நாவல் முடிந்தது. மறுநாளே அடுத்த நாவல் ஆரம்பம்!

புகழுக்கு வந்த சோதனை

பழைய தினசரிக் குறிப்புகளை 1870-ல் எடுத்துப் படித்தார். வெட்கம் தாங்கவில்லை. அழித்துவிட்டார்.

1882-ல் காலமானார். மறு ஆண்டு அவருடைய சுயசரிதை வெளிவந்தது. கடிகாரக் கணக்கு, புத்தகத்தால் கிடைத்த பணம், எல்லாவற்றையும் அதில் ஒளிக்காமல் எழுதியிருந்தார். செருப்புத் தைப்பது போல எழுதுகிறவர் கலைஞரா என்று பலர் முகம் சுளித்தார்கள். மதிப்பு சரிந்தது. உண்மையைச் சொன்னதற்கு இது அதிகப்படியான தண்டனைதான்.

வாசகர்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்கள். 1993-ல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், பெரும் புலவர்களுக்குரிய மூலையில், அவர் பெயர் பொறித்த கல்லைப் பதித்தார்கள்.