உழவரிடம் பாடம் கற்ற பேரறிஞர்

பிரான்சு நாட்டின் தென்மேற்கே, போர்தோ நகருக்குக் கிழக்கில், திராட்சைக் கொடிகள் சூழ்ந்த மாளிகை ஒன்றில் மிசேல் தெ மொந்தேன் 1533ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் பிறந்தார். குடும்பம் மீனும் மதுவும் விற்றுச் செல்வம் சேர்த்த குடும்பம். ஆயினும் தந்தையார் பியேர், எளிய மக்கள்பால் மகனுக்குப் பற்று உண்டாக வேண்டுமெனக் கருதி, கைக்குழந்தையை ஓர் ஏழைக் குடியானவர் வீட்டில் வளரவிட்டார்.

பின்னர்ப் பிரெஞ்சு மொழியே அறியாத ஜெர்மானிய ஆசிரியர் ஒருவர் அமர்த்தப்பட்டார். தாயாரும் பணியாளரும் குழந்தையிடம் இலத்தீனிலேயே பேச வேண்டும் என்பது கட்டளை. திடுக்கிட்டு விழிக்கலாகாது என்று, காலைதோறும் இன்னிசை எழுப்பியே பிள்ளையைத் துயிலெழுப்பினர். இத்தகைய பேறு எத்தனை பிள்ளைகளுக்கு வாய்க்கும்!

ஆறாம் வயதில் போர்தோ நகரக் கல்லூரியில் சேர்க்கப்பட்டார். அங்கே இன்னிசை இல்லை. பிரம்படியும் அழுகுரலும் இருந்தன. அதனை அவர் இறுதிவரை மறக்கவில்லை. மனப்பாடம் செய்து ஒப்பிப்பது கல்வியாகாது, உண்ட உணவு செரித்து உடலாவதுபோலக் கற்றது மாணவனின் சொந்த அறிவாக வேண்டும் என்று பிற்காலத்தில் எழுதினார். ஆசிரியரே ஓயாது பேசாமல் மாணவனையும் பேசவிட வேண்டும் என்றும் வற்புறுத்தினார். நாம் அடிக்கடி எடுத்துப் படிக்கும் பகுதி அது.

சட்டம் பயின்று போர்தோ நீதிமன்றத்தில் பணியாற்றினார். அங்கே கிடைத்த உயிர்த்தோழர் லா போயெத்தி 1563இல் காலமானார். 1568இல் தந்தையாரும் மறைந்தார். பிறந்த ஆறு பெண்மக்களுள் ஒருத்தியே பிழைத்தாள். துயரம் மிகுந்த மொந்தேன் 1571இல், தமது 38ஆம் பிறந்த நாளில், பணியைத் துறந்து மாளிகைக் கோபுரத்தில் அமைந்த நூலகத்தில் அமர்ந்தார். ஏறத்தாழ ஆயிரம் நூல்கள் அங்கிருந்தன. உத்தரங்களில் கிரேக்க, இலத்தீன் முதுமொழிகளை எழுதச் செய்தார். அங்குப் பிறந்து 1580இல் வெளிவந்த நூலுக்கு, முயற்சிகள் எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். ஐரோப்பிய மொழிகளில் கட்டுரை என்னும் வடிவத்துக்குப் பெயர் கிடைத்தது அந்நூலால்தான். அதில் அவர் ஆராய்ந்த பொருள் தம்மையே: தமது மறதி, உணவு, வளர்த்த பூனை, கல்லடைப்பு நோய்.

நாட்டில் அப்பொழுது கத்தோலிக்கரும் சீர்திருத்தக் கிறித்தவரும் ஒருவரையொருவர் வெட்டி மாய்த்தனர். மொந்தேன் தம் மாளிகை வாயிலுக்குப் படைக்காவல் வைக்கவில்லை. 1581 முதல் 1585 வரை போர்தோ நகரத் தலைவராக இருந்து, இரு சாராரும் மோதாமல் காக்க முயன்றார்.

1586இல் கொள்ளைநோய் பரவியது. வீட்டை விட்டு வெளியேறிய அவர், இடங்கொடுப்பாரின்றிக் குடும்பத்தோடு ஆறு திங்கள் அலைந்தார். இதனை மாணவர்கள் வீட்டில் பெற்றோருக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டுகிறோம். திராட்சைக் குலைகள் பறிப்பாரின்றிக் கொடியிலேயே தொங்கின. நோயுற்ற உழவர் அலறவில்லை. தமக்குரிய குழியைத் தாமே வெட்டினர். சிலர் உயிரோடிருக்கும்போதே அதில் படுத்துக்கொண்டனர். உடலை விலங்குகள் இழுத்துச் செல்லுமே என்பது ஒன்றே அவர்தம் கவலை. சாவை அஞ்சாது ஏற்பது எப்படி என்று மொந்தேன் கிரேக்க, உரோமானிய ஞானியர் நூல்களில் பல்லாண்டு தேடியவர். அரிஸ்டாட்டில் பெயரையே கேட்டறியாத ஏழை உழவரிடம் அதனைக் கண்டார். கற்றோர்க்கும் இவர்களே ஆசிரியர் எனத் தயங்காது எழுதினார். அச்சொற்கள் 1588இல் வெளிவந்த மூன்றாம் பகுதியில் உள்ளன. உண்பது, உறங்குவது, அண்டை அயலாரோடு பழகுவது ஆகியவற்றைச் செவ்வனே செய்து வாழ்வதைவிடப் பெரிய கலை வேறில்லை என்று அவர் துணிந்ததும் அப்பகுதியில்தான்.

அச்சான தம் நூலின் ஓரங்களில் புதிய எண்ணங்களை இறுதிவரை எழுதிச் சேர்த்துக்கொண்டே இருந்தார். 1592 செப்டம்பர் 13ஆம் நாள் தம் 59ஆம் வயதில் மறைந்தார். அக்கையெழுத்துடைய படி இன்றும் போர்தோ நகர நூலகத்தில் உள்ளது. மாளிகை 1885இல் தீக்கிரையாயிற்று. நூலகம் இருந்த கோபுரம் மட்டும் எரியாமல் தப்பி, இன்றும் நிற்கின்றது.