பேரண்டத்தின் தொடக்கத்தை நாடிய பேராசிரியர்

வங்கம் ஈந்த விஞ்ஞானிகளுள் அமல்குமார் ராய்சௌத்ரி சிறப்பிடம் பெற்றவர். அவர் 1923ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள், இன்று வங்காளதேசத்திலுள்ள பாரிசாலில் பிறந்தார். தந்தையார் கணித ஆசிரியர். கல்கத்தா பிரசிடென்ஸி கல்லூரியில் பௌதிகம் பயின்று, 1944இல் கல்கத்தா சர்வகலாசாலையில் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றார்.

அதன்பின் அவர் நடந்த வழி மேடுபள்ளமானது. ஆராய்ச்சிக்கூடத்தில் சில ஆண்டுகள் செய்த சோதனைகள் பலன் தரவில்லை. பிறகு கல்லூரியொன்றில் தற்காலிக விரிவுரையாளரானார். மீண்டும் ஆராய்ச்சிக்கூடம் புகுந்தபோது, உலோகங்களின் இயல்பை ஆராய்வதே அவருக்கு இடப்பட்ட பணி. உள்ளமோ ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கையில் ஊன்றியிருந்தது. இட்ட பணியையும் செய்தார். விரும்பிய கல்வியையும் விட்டாரில்லை.

விண்மீன் மண்டலங்கள் நம்மைவிட்டு விலகிச் செல்வதை 1929இல் ஹப்பிள் எடுத்துக்காட்டினார். விரிந்துவரும் பேரண்டத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் யாது காண்போம்? பல திசைகளில் ஓடும் புகைவண்டிகளைப் பின்னோக்கித் தொடர்ந்தால், அவை ஒரே நிலையத்தில் ஒன்றுகூடுமோ, அன்றிக் கிளைப்பாதைகளில் ஒன்றையொன்று விலகியிருக்குமோ? பேரண்டம் எங்கும் ஒரே சீரானது என்று வைத்துக்கொண்டே முன்னோர் கணக்கிட்டனர். ராய்சௌத்ரி அந்த அனுமானத்தைக் கைவிட்டார். 1955இல் 'பிஸிகல் ரெவ்யூ' இதழில் அவருடைய சமன்பாடு வெளிவந்தது. திசைக்குத் திசை விரிவு மாறுபட்டாலும் அந்நெருக்கம் மிகுமேயன்றிக் குறையாது. பொருளின் சுழற்சியே அதனை எதிர்க்கவல்லது என்று அது காட்டிற்று.

1961 முதல் தாம் பயின்ற பிரசிடென்ஸி கல்லூரியிலேயே பேராசிரியராய் விளங்கினார். 1965 முதல் பென்ரோஸும் ஹாக்கிங்கும் வகுத்த தேற்றங்களுக்கு அவர் சமன்பாடு அடிப்படைக் கருவியாயிற்று. 2005 ஜூன் 18ஆம் நாள் அவர் மறைந்தார். 2020இல் பென்ரோஸ் நோபல் பரிசு பெற்றபோது, உலகம் அவர் பெயரையும் நினைவுகூர்ந்தது.

அடர்த்தி எல்லை கடக்கும் அந்தத் தொடக்கத்தில் ஐன்ஸ்டீனின் கொள்கை தானே செயலற்றுப் போகிறது. அங்கே குவாண்டம் விளைவுகளையே துணைகொள்ள வேண்டும். அவ்விளைவுகள் ஆதிநிலையை எவ்வாறு மாற்றக்கூடும் என ஆராய்ந்தவருள் ஒருவர், நம் திருவனந்தபுரத்தில் பிறந்து இந்நகர் யூனிவர்சிட்டி கல்லூரியில் பயின்ற தாணு பத்மநாபன் (1957–2021). வங்கத்தார் எழுப்பிய வினா இவ்வூர் மாணவர் கைக்கு வந்தது நமக்குப் பெருமை.

வினா இன்னும் முற்றும் தீரவில்லை. பிழைப்புக்கு ஒரு வேலையும் உள்ளத்தில் வேறோர் ஆர்வமும் உடைய நம் சங்கத்து இளைஞர்கள், இப்பெரியார் வரலாற்றை மனத்திற் கொள்வார்களாக.