பண்டிதமணி ஜி. அப்பாதுரையார்

கோலார் தங்கவயலின் சரித்திரத்தைப் பொன்னின் சரித்திரமாகவே பலரும் எழுதிப் போந்தனர். சாம்பியன் ரீப் சுரங்கம் மூவாயிரம் மீட்டருக்கும் கீழே சென்றது. அவ்வாழத்தில் இறங்கிப் பாறை உடைத்தவர் யாவர்? பஞ்சத்தாலும் தீண்டாமைக் கொடுமையாலும் வட ஆர்க்காடு முதலிய ஜில்லாக்களை விட்டு வந்த தமிழ் மக்களே பெரும்பாலோர். அம்மக்களுக்கு எழுத்தையும் அறத்தையும் ஊட்டிய தமிழ்ப் பண்டிதர் 1890இல் பிறந்த ஜி. அப்பாதுரையார்.

பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றதும், 1907 ஜூன் 19ஆம் நாள் இராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியதும் நாமறிந்தவை. அவ்விதழைத் தாங்கியவருள் மாரிக்குப்பம் பௌத்த சங்கத்தார் முன்னின்றனர். 1914இல் பண்டிதர் மறைந்தார். சில காலத்துக்குள் இதழும் ஓய்ந்தது. ஓர் இதழ் நின்றால் மற்றோர் இதழ் வரும் என்பர் சிலர். நம்மவர்க்கு அவ்வாறன்று. நம் குறைகளை நம் வாயால் உரைக்க வேறு இடம் எங்கே இருந்தது?

1926இல் எம். ஒய். முருகேசர் போன்ற அன்பர்களின் முயற்சியால் 'தமிழன்' தங்கவயலிலேயே மீண்டும் பிறந்தது. ஆசிரியப் பொறுப்பை அப்பாதுரையார் ஏற்றார். அயோத்திதாசரின் நடை கற்றாரையும் சற்று நிறுத்தி யோசிக்க வைப்பது. அப்பாதுரையார் எழுதியதோ சுரங்கத்திலிருந்து களைத்து வந்தவனும் கேட்டு விளங்கிக்கொள்ளத் தக்கது. சாதி வேற்றுமை, மூடச் சடங்கு, பெண்ணடிமை ஆகியவற்றை அவ்விதழ் சற்றும் தயங்காது கண்டித்தது. சுயமரியாதை இயக்கத்தை வேறோர் ஓடையாகக் கருதுவாரும் நம்மிடையே உளர். தங்கவயலில் அவ்விரண்டும் ஒரே வீட்டில் குடியிருந்தன என்பதே என் துணிபு. அவர்தம் மகளார் அன்னபூரணி அவ்வியக்க மேடைகளில் சொற்பொழிவாளராக விளங்கினார். மகளிர் சபையேறிப் பேசுவதே அரிதாயிருந்த காலம் அது!

1930 ஏப்ரலில் தொழிலாளர் யாவரும் கைரேகை பதிய வேண்டுமெனச் சுரங்க நிர்வாகம் ஆணையிட்டது. குற்றவாளிகளுக்குச் செய்வதை எமக்கும் செய்வதா எனக் கொதித்து ஆயிரக்கணக்கானோர் மூன்று வாரம் வேலைக்குச் செல்லாது நின்றனர். ஆலையில் கைந்நாட்டு வைத்துக் கூலி வாங்கியவரோடு நின்ற எனக்கு அக்கொதிப்பு விளங்குகிறது. எழுத்தறிவும் தன்மானமும் ஒருங்கே போதிக்கப்பட்ட இடத்தில் அது எழுந்ததில் வியப்பென்ன?

1935 வரை இதழ் நடந்தது. 'புத்தர் அருளறம்' என்னும் நூலையும் அவர் இயற்றினார். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் இலட்சக்கணக்கானோருடன் திரிசரணம் ஏற்ற காலத்தும் பண்டிதமணியார் உயிர் வாழ்ந்திருந்தார். தங்கவயலார் அரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்த வழி அது. 1961இல் அவர் மறைந்தார்.

பழைய 'தமிழன்' தாள்களைப் பௌத்தக் குடும்பத்தார் பெட்டிகளில் பேணி வைத்திருந்தனர். அவற்றிலிருந்தே ஞான. அலாய்சியஸ் அயோத்திதாசர் சிந்தனைகளைத் தொகுக்க, 1999இல் பாளையங்கோட்டையில் அவை நூலாய் வெளிவந்தன.