சொல்லேருழவர் சிசரோ

ஆங்கிலேயர் ஆண்ட காலத்திலே நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் இலத்தீனும் ஒரு பாடமாகக் கற்பிக்கப்பட்டது. இலண்டன் மற்றிக்குலேசன் தேர்வை நோக்கிப் படித்த மாணவர்கள் சிசரோ என்னும் பெயரை வியந்தும் அஞ்சியும் கூறினர். கொடிபோல் நீண்டு செல்லும் அவர்தம் வாக்கியங்களைப் பிரித்துப் பொருள் கொள்ளுதல் அவர்களுக்குப் பெருஞ் சோதனையாயிருந்தது. அம்மொழி நம் வகுப்பறைகளை விட்டு நீங்கி நெடுங்காலமாயிற்று. தமிழாசிரியராகிய நாமும் அதனைக் கற்றவரல்லேம். ஆங்கில மொழிபெயர்ப்புக்களின் துணைகொண்டே இப்பெரியாரை அறிந்தோம். எனினும், திருக்குறளிற் சொல்வன்மை என்னும் அதிகாரத்தைக் கற்பிக்குந்தோறும் அவர் வாழ்க்கை நம் நினைவில் எழாமற் போவதில்லை. வில்லை ஏராகக் கொண்டாரைப் பகைப்பினும் சொல்லை ஏராகக் கொண்டாரைப் பகைத்தலாகாது என்பது வள்ளுவர் கருத்து. அஃது எத்துணை உண்மை என்பதையும், எத்துணைத் துன்பத்தின் பின் உண்மையாகும் என்பதையும் சிசரோவின் வரலாறு காட்டும்.

மார்க்கஸ் துல்லியஸ் சிசரோ கி. மு. 106ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள், உரோமாபுரிக்குத் தென்கிழக்கே மலைச்சாரலில் உள்ள ஆர்ப்பீனம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். குடும்பம் செல்வமுடையதே, ஆயினும் அக்குடும்பத்தில் எவரும் உரோமில் உயர்பதவி வகித்ததில்லை. அந்நாளில் ஆட்சிப் பதவிகள் பெரும்பாலும் பழங்குடிச் செல்வர் சிலரின் கையிலே கிடந்தன. அத்தகைய குலப்பெருமை இன்றி மேலெழுந்தவனைப் புதிய மனிதன் என்று இகழ்ச்சி தோன்ற அழைப்பது உரோமர் வழக்கம். சிசரோ என்ற பெயரும் நகைப்புக்கு இடமாயிற்று. அது கடலையைக் குறிக்கும் சொல்லினடியாகப் பிறந்தது. முன்னோர் ஒருவரின் மூக்கு நுனி கடலை போலப் பிளந்திருந்தமையால் வந்தது என்பர். பெயரை மாற்றிக்கொள்ளுமாறு நண்பர் கூறியபோது, உயர்குடிப் பெயர்களினும் இப்பெயரைப் புகழுடையதாக்குவேன் என அவர் விடையிறுத்ததாக அவர் சரிதம் எழுதிய புளூட்டார்க் கூறுகின்றார்.

அவர் கைக்கொண்ட படை கல்வி ஒன்றே. சட்டத்தைச் சட்டவல்லுநராகிய ஸ்கீவோலாவிடத்தும், தத்துவத்தைக் கிரேக்க அறிஞரிடத்தும் பயின்றார். கி. மு. 80இல், தம் இருபத்தாறாம் வயதில், ஒரு கொலை வழக்கை ஏற்றார். செக்ஸ்தஸ் ரோசியஸ் என்பவன் தன் தந்தையைக் கொன்றான் என்பது குற்றச்சாட்டு. இறந்தவரின் அறுபது இலட்சம் நாணயப் பெறுமதியுள்ள நிலங்களை வெறும் இரண்டாயிரத்துக்கு வாங்கியவனோ, அந்நாளில் உரோமைத் தன் வாட்கீழ் அடக்கி வைத்திருந்த சல்லாவின் அணுக்கன். அவனுக்கு அஞ்சி, மூத்த வழக்கறிஞர்கள் வாய் திறந்திலர். சிசரோ மன்றத்தில் எழுந்து, இக்கொலையினால் நன்மை பெற்றவர் யார் எனக் கேட்டு, அவ்வணுக்கனின் பெயரையும் வெளிப்படையாகச் சொன்னார். ரோசியஸ் விடுதலை பெற்றான்.

அதன்பின் உடல் நலங் குன்றியமையால் ஏதென்ஸ் நகருக்கும் உரோட்ஸ் தீவுக்கும் சென்று மேலும் கற்றார். உரோட்ஸிலே மோலன் என்னும் ஆசிரியர் முன்னிலையிற் கிரேக்க மொழியில் உரையாற்றினார். கேட்டோர் யாவரும் புகழ, ஆசிரியர் மட்டும் நெடுநேரம் வாளாவிருந்தார். கிரேக்கருக்கு எஞ்சியிருந்த கல்வியும் நாவன்மையும் இவ்விளைஞரால் உரோமரிடம் போய்விடுகின்றனவே என்று பின்னர் அவர் வருந்தினாராம். ஒரு மாணாக்கன் ஆசிரியரிடமிருந்து பெறத்தக்க பாராட்டு இதனின் மேலானது உண்டோ?

கி. மு. 75இற் சிசிலித் தீவில் நிதி அலுவலராகப் பணியாற்றினார். பஞ்சகாலத்தில் உரோமுக்குத் தானியம் அனுப்பியும், தீவு மக்களிடம் நேர்மையாக நடந்தும் நற்பெயர் ஈட்டினார். உரோம் முழுவதும் தம் புகழே பேசப்படுமென எண்ணித் திரும்பினார். வழியில் எதிர்ப்பட்ட ஒருவரோ, தலைநகரிலிருந்து எப்போது புறப்பட்டீர், அங்கே புதினம் யாது என்று வினவினார். மாகாணத்திலிருந்து வருவதாகச் சொன்னபோது, ஆபிரிக்காவிலிருந்தோ என்று கேட்டார். மனம் புண்பட்ட சிசரோ, இனித் தம்மை மக்கள் நாள்தோறும் கண்ணாற் காணும்படி உரோமிலேயே வாழ்வதென அன்று துணிந்தார். இக்கதையைத் தாமே ஒரு வழக்குரையிற் சொல்லி நகைத்திருக்கின்றார். சிசிலியில் இருந்தபோது இன்னொரு நற்செயலும் செய்தார். கணித மேதை ஆர்க்கிமிடீசின் கல்லறையைச் சிராக்கியூஸ் மக்களே மறந்துவிட்டனர். முட்புதர்களிடையே உருளையும் கோளமும் பொறித்த சிறு தூண் ஒன்றைச் சிசரோ கண்டு, புதரை வெட்டுவித்து, அக்கல்லறையை அவர்களுக்குக் காட்டினார்.

அத்தீவு மக்கள் அவரை மறக்கவில்லை. பின்னர் அங்கு ஆளுநராயிருந்த வெர்ரஸ் என்பவன் மூன்றாண்டு அவர்களைக் கொள்ளையிட்டான். கோயிற் சிலைகளையும் விட்டுவைத்தானல்லன். கி. மு. 70இல் அவர்கள் சிசரோவிடம் முறையிட்டனர். சான்று திரட்ட 110 நாள் தவணை பெற்ற அவர், ஐம்பது நாளிற் சிசிலி முழுவதும் சுற்றி அதனை முடித்தார். எதிர்த்தரப்பில் நின்றவர் அக்காலத்துத் தலைசிறந்த வழக்கறிஞராகிய ஓர்த்தென்சியஸ். வழக்கை அடுத்த ஆண்டுக்கு இழுத்துச் செல்வது அவர்தம் சூழ்ச்சி. சிசரோ நீண்ட உரையைக் கைவிட்டுச் சாட்சிகளை ஒருவர்பின் ஒருவராக நிறுத்தினார். தீர்ப்புக்குக் காத்திராமலே வெர்ரஸ் மார்செய் நகருக்கு ஓடிப்போனான். ஆளப்படும் மக்களுக்கும் நீதி உண்டு என்னும் குரல் உரோமின் மன்றிலேயே எழுந்தது அன்றாகும்.

கி. மு. 63இல், நாற்பத்துமூன்றாம் வயதில், சிசரோ கொன்சல் என்னும் முதற்பதவியை அடைந்தார். சட்டம் அனுமதித்த மிகக் குறைந்த வயது அதுவே. அவ்வாண்டு, தேர்தலில் தோற்றுக் கடனில் மூழ்கிய கத்திலைன் என்னும் உயர்குடியாளன் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்தான். சிசரோ மூதவையில் அவன் முகத்துக்கு நேரே அச்சதியை வெளிப்படுத்த, அவன் நகரை விட்டகன்றான். நகரில் எஞ்சிய சதிகாரர் ஐவர் கைதாயினர். டிசம்பர் 5ஆம் நாள் மூதவையில் விவாதம் நடந்தது. மரணதண்டனை வேண்டாம், சிறையில் வைப்போம் என்றார் யூலியஸ் சீசர். கொல்லல் வேண்டும் என்றார் கேட்டோ. ஐவரும் அன்றிரவே சிறையிற் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டனர். மக்கள் சிசரோவை நாட்டின் தந்தை எனப் போற்றினர்.

சிசரோவின் வாழ்விலே மிக உயர்ந்த நாள் இதுவென்றே நாமும் பல்லாண்டு வகுப்பிற் கூறி வந்தோம். ஒருநாள் உயர்வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, அந்த ஐவரையும் எந்த நீதிமன்றம் விசாரித்தது என்று வினவினான். உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. மக்களின் தீர்ப்பின்றி உரோமக் குடிமகன் எவனையும் கொல்லலாகாது என்பது உரோமரின் பழஞ்சட்டம். ரோசியசுக்காகவும் சிசிலி மக்களுக்காகவும் சட்டத்தின் துணையை நாடி நின்றவரே, தாம் அதிகாரத்தில் இருந்த அந்நாளிற் சட்டத்தைக் கடந்து சென்றார். நாட்டுக்கு நேர்ந்த ஆபத்து மெய்யானதே. மூதவை இசைந்ததும் உண்மையே. ஆயினும் ஐவரும் விசாரணையின்றியே இறந்தனர். அம்மாணவனின் வினாவுக்குப் பின், அந்நாளை வெற்றி நாளாக மட்டும் நாம் கற்பித்ததில்லை.

காலமும் அவ்வினாவைச் சிசரோவிடம் கேட்டது. கி. மு. 58இல் அவர் பகைவனாகிய குளோடியஸ், விசாரணையின்றிக் குடிமகனைக் கொன்றோர் நாடு கடத்தப்படுவர் என்று சட்டம் இயற்றினான். சிசரோ உரோமை விட்டு நீங்கினார். பலத்தீன் குன்றில் இருந்த அவர் மாளிகை இடிக்கப்பட்டது. அந்நாளில் மனைவிக்கும் நண்பர் அற்றிக்கசுக்கும் அவர் எழுதிய கடிதங்களில் வீரம் இல்லை, அழுகையே உண்டு. அடுத்த ஆண்டு மக்கள் அவரை மீட்டழைத்தனர். எனினும் பழைய செல்வாக்குத் திரும்பவில்லை. உள்நாட்டுப் போரிலே பெரிதுந் தயங்கிப் பின் பொம்பியின் பக்கஞ் சேர்ந்தார். பொம்பி தோற்றபின் சீசரின் மன்னிப்பைப் பெற்று வாழ்ந்தார். புகழை விரும்பியவர், தற்பெருமை பேசியவர், துணியவேண்டிய வேளையில் தயங்கியவர் என்று அவரைக் குறை கூறுவோர் உளர். அக்குறைகளை நாம் அறிவதும் பெரும்பாலும் அவர் மறைக்காது எழுதிய கடிதங்களாலேயே. அவருக்கு வந்தனவும் சேர்த்துத் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் இன்றும் உள்ளன. அவற்றைப் பேணியதிற் பெரும்பங்கு அவருக்கு அடிமையாயிருந்து கி. மு. 53இல் விடுதலை பெற்ற தீரோவுக்கு உரியது என்பர். சுருக்கெழுத்து முறை ஒன்றும் இவர் பெயரோடு சார்த்திக் கூறப்படும்.

கி. மு. 45இல் அவர் உயிரினும் இனிய மகள் துல்லியா இறந்தாள். அரசியலிலும் இடமின்றி, வீட்டிலும் ஆறுதலின்றி, கடலோரத்து அஸ்தூராவில் ஒதுங்கிய சிசரோ இரவும் பகலும் எழுதினார். ஏறத்தாழ இரண்டாண்டுக்குள் இன்பதுன்பம், முதுமை, நட்பு, கடவுளரின் இயல்பு, கடமை என்பன பற்றி நூல்கள் பல தோன்றின. கடமை பற்றிய நூல் ஏதென்சிற் கல்வி பயின்ற தம் மகனுக்கு எழுதப்பட்டது.

தமிழாசிரியராகிய எம் மனத்தை இப்பணியே பெரிதும் கவர்வது. தத்துவத்தைக் கிரேக்கத்திலேதான் எழுத இயலும், இலத்தீனிற் சொற்கள் இல்லை என்பது அந்நாளைக் கற்றோர் பலரின் எண்ணம். சிசரோ அதனை ஏற்கவில்லை. கிரேக்கச் சொல்லின் பொருளை ஆராய்ந்து இலத்தீன் வேரிலிருந்து புதுச்சொல் ஆக்கினார். பண்பு எனப் பொருள்படும் குவாலிற்றாஸ், ஒழுக்கத்தைச் சார்ந்தது எனப் பொருள்படும் மொறாலிஸ் ஆகியன அவர் படைத்தவை. இன்று ஆங்கிலத்தில் வழங்கும் குவாலிற்றி, மொறல் என்பன அவற்றின் வழிவந்தனவே. நம் நாட்டில் விஞ்ஞானப் பாடங்கள் தமிழுக்கு வந்த காலத்தில் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டபோது, இச்சொற்கள் வழங்குமா என ஐயுற்றோர் பலர். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் இலத்தீனைக் குறித்தும் அவ்வையமே எழுந்தது என்பதை அறிதல் நமக்கு ஊக்கந் தருவதன்றோ?

கி. மு. 44 மார்ச் 15ஆம் நாள் சீசர் கொலையுண்டார். சதியிற் சிசரோவுக்குப் பங்கில்லை. ஆயினும் அச்செயலை வரவேற்றார். சீசரின் இடத்தை மார்க் அந்தோனி பற்ற முயன்றபோது, அறுபத்திரண்டு வயது முதியவர் மீண்டும் எழுந்தார். முன்னைய தயக்கம் இப்போது இல்லை. அந்தோனியை எதிர்த்துப் பதினான்கு உரைகள் ஆக்கினார். சீசரின் சுவீகார மகனான இளைஞன் ஒக்டேவியனைத் துணையாக நம்பினார். அந்நம்பிக்கை பொய்த்தது. கி. மு. 43இல் ஒக்டேவியன் அந்தோனியோடும் லெப்பிடசோடும் கூடினான். மூவரும் கொல்லப்படவேண்டியோர் பட்டியல் வரைந்தனர். அதிற் சிசரோவின் பெயரும் இருந்தது. டிசம்பர் 7ஆம் நாள், போர்மியே என்னும் ஊர்க்கு அருகே, பல்லக்கிற் சென்றவரைப் படைவீரர் எய்தினர். வந்தோருள் ஒருவன் முன்னர்ச் சிசரோவால் வழக்கிற் காக்கப்பட்டவன் என்று புளூட்டார்க் எழுதுகின்றார். சிசரோ ஓடவில்லை, பல்லக்கினின்றும் கழுத்தை நீட்டினார். அவர் தலையும் எழுதிய கையும் வெட்டப்பட்டு, அவர் நின்று முழங்கிய அதே மேடையில் மக்கள் காணத் தொங்கவிடப்பட்டன.

வில்லேருழவரே வென்றனர் என்று அன்று தோன்றியிருக்கும். பதின்மூன்று ஆண்டில் அந்தோனி தோற்று மாண்டான். அவன் சிலைகள் வீழ்த்தப்பட்ட ஆண்டிற் கொன்சலாயிருந்தவர் சிசரோவின் மகன். ஒக்டேவியன் அகஸ்தஸ் என்னும் பெயரோடு பேரரசனானான். ஒருநாள் அவன் பேரன் சிசரோவின் நூலொன்றைப் படித்திருந்து, பாட்டனைக் கண்டு அஞ்சி ஆடையுள் மறைத்தான். அகஸ்தஸ் அதனை வாங்கி, நின்றபடியே நெடுநேரம் படித்துத் திருப்பிக் கொடுத்து, அவர் கற்றவர், நாட்டை நேசித்தவர் என்ற கருத்துப்படக் கூறினானாம்.

உரோமப் பேரரசு அழிந்தது, அச்சொற்கள் அழியவில்லை. அவர் எழுதிய நூலொன்றைப் பத்தொன்பதாம் வயதிற் படித்த அகஸ்தீன், தம் வாழ்வை அது மாற்றியதாக எழுதினார். 1345இல் பெத்திரார்க் என்னும் இத்தாலியக் கவிஞர் வெரோனாவில் அற்றிக்கசுக்கு எழுதிய கடிதங்களின் பிரதியைக் கண்டெடுத்தார். ஐரோப்பிய மறுமலர்ச்சிக்கு அது துணையாயிற்று. 1465இல் மைன்ஸ் நகரில் கடமை பற்றிய நூல் அச்சேறியது. ஐரோப்பாவில் முதன்முதல் அச்சான நூல்களுள் அதுவும் ஒன்று. மறைந்துபோன குடியரசு பற்றிய நூலின் ஒரு பகுதி, வேறு எழுத்தின் கீழ் அழிந்தும் அழியாமலும் இருக்க, 1819இல் வத்திக்கான் நூலகத்திற் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்கக் குடியரசை அமைத்தோருள் ஒருவராகிய ஜோன் அடம்ஸ் அவரைத் தம் வழிகாட்டியாகக் கொண்டார். அரசு என்பது ஆள்வோனின் உடைமையன்று, மக்களின் பொதுவுடைமை என்ற அவர் கருத்து, குடியரசு என வழங்கும் நாடுகளின் பெயரிலேயே நிலைத்துள்ளது.

நம் கல்லூரி மாணவ மன்றத்தின் மேடையில் முதன்முறை கால் நடுங்க நின்றோர், இன்று நீதிமன்றுகளிலும் வகுப்பறைகளிலும் அலுவலகங்களிலும் பேசுகின்றனர். அவர்க்கும், இனி அம்மேடையேறும் இளைஞர்க்கும் இவ்வரலாற்றை இம்மலரில் வைக்கின்றோம். எளியோர்க்காகப் பேசுந்துணிவைச் சிசரோவிடம் கற்றல் நன்று. அதிகாரம் தம் கைக்கு வரும் நாளில், அன்று எம் மாணவன் எழுந்து கேட்ட வினாவைத் தம்மையே கேட்டுக்கொள்ளுதல் அதனினும் நன்று.