எல்லீசரும் காணியாட்சியும்: தொண்டைமண்டல வழக்கம் சட்டமான வரலாறு

பிரான்சிஸ் வைட் எல்லிஸ் (1777–1819) என்னும் பெயர் தமிழாய்வுலகில் இரண்டு காரணங்களால் நிலைத்துள்ளது. தென்னிந்திய மொழிகள் வடமொழியினின்று பிறந்தவையல்ல, தமக்குள் உறவுடைய தனிக்குடும்பம் என்பதைக் கால்டுவெல்லுக்கு நாற்பதாண்டுகள் முன்னரே, 1816இல், சான்றுகாட்டி நிறுவியவர் அவர். திருக்குறள் அறத்துப்பாலின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து விரிவான விளக்கம் வரைந்தவரும் அவரே. வள்ளுவர் உருவம் பொறித்த பொற்காசும், சென்னையில் அவர் தோண்டுவித்த 27 கிணறுகளைக் குறிக்கும் கல்வெட்டும் எல்லீசர் என்னும் தமிழ்ப்பெயருக்குப் பெருமை சேர்த்துள்ளன. எனினும் அவர் வாழ்நாளின் பெரும்பகுதி வருவாய்த்துறைப் பணியிலேயே கழிந்தது. அப்பணியின் பயனாக 1818இல் அச்சேறிய மிராசு உரிமை பற்றிய நூலை இலக்கிய வரலாறுகள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. செங்கல்பட்டுச் சீமையின் உழுகுடிகளைப் பொறுத்தவரை, அவருடைய மொழியாய்வைவிட இந்நூலே அவர்தம் வாழ்வை நெருங்கித் தொட்டது.

எல்லீசர் 1796இல் கிழக்கிந்தியக் கும்பினியின் எழுத்தராகச் சென்னை வந்தார். வருவாய் வாரியச் செயலகத்தில் பயின்று, 1802இல் அவ்வாரியத்தின் செயலராகி, 1806இல் மசூலிப்பட்டினத்தில் நீதிபதியாக அமர்ந்தார். 1810இல் சென்னை ஆட்சியரானார். வரி தண்டும் கையும் தீர்ப்பு வழங்கும் கையும் ஒருவரிடமே மாறிமாறி அமைந்தமை கருதத்தக்கது. நிலத்திற்கு உரியவர் யார் என்னும் வினா அவருக்கு ஏட்டளவில் நின்ற ஒன்றன்று.

அவ்வினா செங்கல்பட்டில் ஏற்கெனவே முற்றியிருந்தது. 1763இல் ஆர்க்காட்டு நவாபு கும்பினிக்கு அளித்த சாகீர் நிலப்பகுதியே பிற்காலச் செங்கல்பட்டு மாவட்டம். தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து, ஊர்க்கணக்குகளைத் தொகுத்தார். ஒவ்வோர் ஊரிலும் விளைச்சல் களத்திலேயே பல பங்குகளாகப் பிரிவதை அக்கணக்குகள் காட்டின. கோயில், கணக்கர், வெட்டியான், தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் என அனைவர்க்கும் மேரை இருந்தது. இவ்வொழுங்கை விதித்த அரசாணை எதுவும் கும்பினியாரிடம் இல்லை. ஆயினும் ஊரார் அதனைப் பிறழாது கைக்கொண்டனர். 1794 முதல் 1798 வரை சாகீரை ஆண்ட லயோனல் பிளேஸ், தமக்கு இணங்காத மிராசுதாரர் சிலரின் உரிமையைப் பறித்துப் பிறர்க்கு அளித்தார். பறிக்கத்தக்கதாயின் அதனை உரிமை என்பது எங்ஙனம் என்னும் சிக்கல் அங்கேதான் எழுந்தது. மிராசு பரம்பரை உரிமையே, ஆனால் பயிரிடும் கடமையோடு பிணைந்தது என்பது 1799ஆம் ஆண்டு அறிக்கையில் பிளேஸ் எய்திய நிலைப்பாடு. 1802இல் நிலையான தீர்வைத் திட்டத்தின்கீழ் சீமை ஜமீன்களாகக் கூறிடப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டது. புதிய ஜமீன்தாருக்கும் பழைய காணியாளருக்கும் இடையே எது யாருடையது என்பது மேலும் குழம்பியது.

இந்தப் பின்னணியில் அரசு மிராசு பற்றிப் பதினேழு வினாக்களை விடுத்தது. எல்லீசர் 1816இல் விடையெழுதினார். இவ்விடைகள் தனியொருவர் ஆக்கமல்ல. அவர்தம் அலுவலகத்தின் சிரஸ்தாராகிய சங்கரையா அதே வினாக்களுக்குத் தனியே விடையளித்தார். அவ்விடைகளும் நூலின் பிற்சேர்க்கையில் இடம்பெற்றன. துரைமார் நூல்களில் தமிழகத்து அறிஞர் பலரும் பெயரின்றி மறைந்துபோன காலம் அது. ஆகவே இந்நேர்மை தனித்துக் குறிக்கத்தக்கது.

எல்லீசர் சொல்லிலிருந்து தொடங்கினார். மிராசு என்பது மரபுரிமையைக் குறிக்கும் அரபுச்சொல். முகமதியர் ஆட்சியின் வழியாக வந்தது. அது போர்த்த தமிழ்ச்சொல் காணியாட்சி. பெயர் வேற்றுமொழியினதாயினும் பொருள் இந்நாட்டினது என்று காட்ட, நிலவிற்பனை ஓலைகளையும் கல்வெட்டுகளையும் படியெடுத்து மொழிபெயர்த்துச் சேர்த்தார். சாசனத்தையும் பத்திரத்தையும் சட்டச் சான்றாக நிறுத்தியதில், கல்வெட்டாய்வு ஒரு துறையாக உருப்பெறுவதற்கு முன்னரே அதன் பயன்களுள் ஒன்றை அவர் கண்டுகொண்டார் எனலாம்.

அவர் விளக்கிய கரை முறை இங்கு விரித்துரைக்கத்தக்கது. ஊர் முழுவதும் குறித்த எண்ணிக்கையிலான பங்குகளாகக் கருதப்படும். நிலத்தை நிலையாகப் பிரிக்காது, குறித்த காலத்திற்கொருமுறை பங்காளிகள் மாற்றிப் பகிர்ந்துகொள்வது பசுங்கரை. ஒருமுறை பிரித்து அறுதியிட்டுவிடின் அறுதிக்கரை. பங்கு என்பது வயல் மட்டுமன்று. வரியில்லா மானியம், களத்து மேரை, பங்காளியல்லாத பயிர்க்குடி தரும் துண்டுவரம், மனை, தரிசு ஆகிய அனைத்திலும் அப்பங்கின் வீதம் அடங்கும். இத்தகைய பகிர்வு இக்கடற்கரைப் பகுதிக்குப் பழமையானது. மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலில் முதலாம் இராசராசனின் 25ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, அந்நகரத்தார் கூடித் தம் நிலங்களைப் புதிதாகப் பங்கிட்டுக்கொண்ட ஏற்பாட்டைப் பதிவுசெய்கிறது. ஹுல்ஷ் அதனை 1890இல் பதிப்பித்தார். வணிக நகரத்தின் ஏற்பாட்டை வேளாளர் ஊரின் கரையீட்டோடு ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. ஆயினும் கட்டுப்படுவோரே கூடி விதி வகுக்கும் மரபுக்கு அது சான்று.

தோற்றம் பற்றி எல்லீசர் ஆதொண்டன் மரபை எடுத்தாண்டார். குறும்பரை வென்ற சோழமைந்தன் காட்டைத் திருத்த வேளாளரைக் குடியேற்றி, நிலத்தைக் காணியாக அளித்தான் என்பது அக்கதை. கதை வரலாறாகுமா என்பது வேறு வினா. குடியேற்றக் கதை, வழங்கியோர் வாயில் உரிமைப் பத்திரத்தின் பணியைச் செய்தது என்பதே இங்குக் கருதவேண்டியது. அதனைச் சொன்னோர் காணியாளர். கேட்டு எழுதியோர் ஆட்சியர்.

நூலின் வலிவும் குறையும் இவ்விடத்தில் ஒருங்கே அமைந்துள்ளன. வயலில் உழைத்த பறையரும் பள்ளிகளும் நிலத்தோடு பிணைக்கப்பட்டவர்களாக இருந்ததை எல்லீசர் மறைக்கவில்லை. காணி கைமாறும்போது அவர்தம் உழைப்பின்மீதான உரிமையும் உடன் செல்வதை எடுத்துரைத்தார். ஆனால் அவர் அதனைக் காணியாட்சியின் கூறாகவே வகைப்படுத்தினார். ஊரளவில் நெகிழ்ந்தும் இறுகியும் நடந்த அடிமைநிலை, எழுத்தில் ஏறியபோது ஒருவருடைய உரிமையின் பட்டியலில் ஓர் இனமாயிற்று. வழக்கத்தை மதித்த அறிஞர், அவ்வழக்கம் யாருடைய வாய்மொழி என்று போதிய அளவு வினவவில்லை. பங்குடையோரின் ஓலைகள் கிடைத்தன. பங்கற்றோர்க்கு ஓலை ஏது?

இதே மதிப்பு அவருடைய தருமநூல் ஆய்விலும் தொழிற்பட்டது. சென்னை இலக்கியக் கழகத்தில் அவர் நிகழ்த்திய இந்துச் சட்டநூல்கள் பற்றிய உரைகள் 1827இல் அச்சாயின. வங்காளத்து நூல்களைக் கொண்டு தென்னாட்டு வழக்குகளைத் தீர்த்தல் தகாது, இங்கு மிதாட்சரம், ஸ்மிருதி சந்திரிகை, மாதவீயம் முதலியனவே வழங்குவன என்பது அவ்வுரைகளின் மையம். 1812இல் அவர் முயற்சியால் தோன்றிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி இளம் அதிகாரிகளுக்குத் தென்மொழிகளைக் கற்பித்தது. நீதிமன்றங்களில் பணியாற்றவிருந்த இந்நாட்டு மாணவர்க்குச் சட்டமும் கற்பித்தது. ஊரார் மொழியறியாதவன் அவர்தம் விதியை அறியமாட்டான் என்னும் கொள்கையே இரண்டிற்கும் அடி.

நாற்பது வயதுக்கு முன் பெருநூல் எதனையும் வெளியிடுவதில்லை என்று எல்லீசர் உறுதிபூண்டிருந்தார் என்பர். 1819 மார்ச்சில் இராமநாதபுரத்தில் அவர் இறந்தபோது அகவை நாற்பதைச் சற்றே கடந்திருந்தது. திண்டுக்கல்லில் அடக்கம் செய்யப்பட்டார். மதுரையில் விடப்பட்ட அவருடைய கையெழுத்துத் தாள்கள் சமையலறையில் அடுப்பெரிக்கப் பயன்பட்டன என்று வால்டர் எலியட் பின்னர் எழுதினார். முற்றுப்பெறாத எத்தனையோ ஆய்வுகள் அழிந்தன. மிராசு நூல் முன்னரே அச்சேறியிருந்தமையால் பிழைத்தது.

பிழைத்தமையால் அது ஆண்டது. 1820இல் ஆளுநரான தாமஸ் மன்றோ மிராசின் மதிப்பு மிகைப்படுத்தப்பட்டதாகக் கருதினார். எனினும் 1852இல் சி. பி. பிரௌன், எல்லீசர், பிளாக்பர்ன், மன்றோ மூவர் எழுத்துகளையும் ஒரே தொகுதியாகப் பதிப்பித்தார். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்தால் அடிமை உரிமைக்கு நீதிமன்ற ஏற்பு நீங்கியது. தரிசின்மீது மிராசுதாரர்க்கிருந்த முன்னுரிமையோ நீங்கவில்லை. ஒடுக்கப்பட்டோர் ஒருவர் தரிசுக்கு விண்ணப்பித்தால், அதனைத் தாமே ஏற்பதாகக் கூறி மிராசுதாரர் தடுக்க இயன்றது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் எழுதிய பறையர் நிலை பற்றிய அறிக்கை இத்தடையையும் எதிர்த்தது. அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30இல் பிறந்த 1010, 1010ஏ அரசாணைகள் பஞ்சமி நிலத்திற்கு வழிவகுத்தன. காணியாட்சிப் பட்டியலில் உடைமையாக எண்ணப்பட்டோர், நிலம் பெறத்தக்கவராக அரசு ஏட்டில் முதன்முறை எழுதப்பட்டனர். அவ்வாறு எழுதப்பட்ட நிலங்களுள் பல பின்னர்ப் பிறர் கைக்குச் சென்றன. அவற்றை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தையொட்டி, 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர்.