பசி அறிந்த பிள்ளை... பசி தீர்த்த வள்ளல்!

கடலூர் மாவட்டம், வடலூருக்கு அருகே உள்ள சிற்றூர் மருதூர். அங்கே கணக்குப்பிள்ளையாக இருந்தவர் ராமையா பிள்ளை. அடுத்தடுத்து ஐந்து மனைவியரை இழந்தவர். ஆறாவதாகக் கைப்பிடித்தவர்தான் பொன்னேரிப் பக்கத்தைச் சேர்ந்த சின்னம்மையார். இந்தத் தம்பதியின் ஐந்தாவது பிள்ளையாக, 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி அவதரித்தவரே ராமலிங்கம். ஆம், நம் வள்ளலார்!

கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தில்லைக்குச் சென்றனர் பெற்றோர். சிதம்பர ரகசியத்தின் திரை விலகியதும் குழந்தை கலகலவென்று சிரித்ததாம். மெய்சிலிர்த்துப் போனார்கள் அருகில் இருந்தவர்கள்.

ஆனால், அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பிள்ளைக்கு ஒரு வயது நிறைவதற்குள், 1824-ல் ராமையா பிள்ளை காலமானார். ஐந்து குழந்தைகளுடன் தாய்வீடு திரும்பிய சின்னம்மையார், பிறகு சென்னையில் குடியேறினார். குடும்ப பாரம் மூத்த மகன் சபாபதியின் தோளில் விழுந்தது. புராணச் சொற்பொழிவில் கிடைத்த வருவாயே அத்தனை பேருக்கும் சோறு போட்டது.

தம்பியும் படித்து முன்னேற வேண்டும் என்று துடித்தார் அண்ணன். தம்பியின் மனமோ கந்தகோட்டத்து முருகன் சந்நிதியில் லயித்துக் கிடந்தது! கோபத்தில், அவனுக்குச் சோறு போடக் கூடாது என்று வீட்டில் உத்தரவிட்டார் சபாபதி. அண்ணியார் பாப்பாத்தியம்மாளுக்கு மனம் கேட்குமா? கணவர் அறியாமல் கொல்லைப்புறமாக அழைத்து அன்னமிட்டார். ஒருநாள், தந்தையின் திதி. வீடெல்லாம் விருந்து, வீட்டுப் பிள்ளைக்கோ மறைவில் ஓர் இலை. கண்ணீர் விட்டார் அண்ணி. அந்தக் கண்ணீர்தான் ராமலிங்கத்தை வீட்டுக்குள் அழைத்து வந்தது. மாடியறையில் கண்ணாடி முன் தீபமேற்றி அமர்ந்தவருக்கு, தணிகை முருகன் காட்சி தந்தான் என்கிறது அவர் வரலாறு.

பிள்ளையைப் பள்ளிப் படிப்பு பிடித்து வைக்கவில்லை, தமிழ் பிடித்துக்கொண்டது. 1854-ல் 'மனுமுறை கண்ட வாசகம்' என்ற உரைநடை நூலை எழுதினார். 1867-ல் 'திருவருட்பா' அச்சேறியது.

அதே 1867, மே 23. பிறந்த மண்ணுக்கு அருகே, வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, பசித்தவருக்கெல்லாம் அன்னமிட அடுப்பு மூட்டினார் வள்ளலார். அங்கே சாதி, சமய பேதம் கிடையாது. ஒளிந்து உண்ணும் நிலை யாருக்கும் இல்லை. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை!

வடலூர் சென்றால், ஞானசபையில் ஜோதியைத் தரிசித்துவிட்டு, தருமச்சாலை அடுப்பையும் ஒரு கணம் வணங்குங்கள். ஓர் அண்ணியின் கருணையும் அந்தக் கனலில் கலந்திருக்கிறது!