உடலின் துப்புரவாளர்களைக் கண்டவர்

காலில் முள் தைத்தால் மறுநாள் அவ்விடம் சிவந்து வீங்கிவிடுகிறது. தொட்டால் சுடுகிறது, அழுத்தினால் வலிக்கிறது. சில நாள்களில் சீழ் கட்டி, அது வெளியேறியதும் புண் தானாகவே ஆறிவிடுகிறது. மருந்து எதுவும் இடாமலேயே இது பல வேளைகளில் நடந்து முடிந்துவிடும். அப்படியானால் அந்தப் புண்ணைத் துப்புரவு செய்தது யார்? ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை இல்லை. விடையைக் கண்டறிந்தவர் மருத்துவர் அல்லர். கடல்வாழ் சிற்றுயிர்களை ஆராய்ந்துவந்த ஒரு விலங்கியல் அறிஞர். அவர்தாம் இலியா மெச்னிகோவ்.

மெச்னிகோவ் 1845ஆம் ஆண்டு மே மாதத்தில், அன்றைய ரஷ்யப் பேரரசில் கார்கிவ் நகருக்கு அருகிலிருந்த ஒரு சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று உக்ரேன் நாட்டில் உள்ளது. ஐந்து பிள்ளைகளில் அவரே கடைக்குட்டி. ஓரிடத்தில் நில்லாமல் துறுதுறுவென்று ஓடித் திரிந்ததால் வீட்டார் அவரைப் பாதரசம் என்று செல்லமாக அழைத்தனர். ஆனால், செடிகொடிகளையும் பூச்சிகளையும் கண்டுவிட்டால் அந்தத் துறுதுறுப்பு அடங்கிவிடும். எட்டு வயதிலேயே தாம் அறிந்த தாவரவியல் செய்திகளைத் தம் அண்ணன்மாருக்கும் மற்றச் சிறுவர்களுக்கும் பாடமாக நடத்தத் தொடங்கினார். கேட்க ஆளில்லை என்றால், தம் கைச்செலவுக் காசைக் கொடுத்தாவது அவர்களை உட்கார வைப்பாராம்!

பள்ளிக் கல்வியை முடித்தபின் கார்கிவ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்துப் பட்டம் பெற்றார். பின்னர் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் சென்று ஆய்வுகள் செய்தார். 1865ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஒரு தட்டைப்புழுவை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது வியப்பான ஒன்று அவர் கண்ணில் பட்டது. நாம் உண்ணும் உணவு வயிற்றில் செரிக்கிறது. அந்தப் புழுவிலோ, தனித்தனி உயிரணுக்களே உணவுத் துணுக்குகளை உள்வாங்கித் தமக்குள்ளேயே செரித்துக்கொண்டிருந்தன. உயிரணு விழுங்கும்; விழுங்கியதைச் செரிக்கும். அன்று மனத்தில் பதிந்த இந்தக் காட்சி பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னரே முழுப் பொருள் தந்தது.

இருபத்திரண்டாம் வயதில் அவர் ஒடெஸ்ஸா நகரப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். அவரிடம் பயின்ற மாணவர்களுள் சிலர் அவரைவிட வயதில் மூத்தவர்கள். ஆனால், அறிவுத்துறையில் விரைந்து உயர்ந்தவருக்கு இல்வாழ்க்கை பெருந்துயரத்தைத் தந்தது. 1869ஆம் ஆண்டு அவர் லுட்மிலாவை மணந்தபோது மணமகள் காசநோயால் நலிந்திருந்தார். நடக்க இயலாத அவரை நாற்காலியில் வைத்தே தேவாலயத்துக்குத் தூக்கிச் சென்றனர். மனைவியைக் காப்பாற்ற மெச்னிகோவ் தம்மால் இயன்றதையெல்லாம் செய்தார். இதமான தட்பவெப்பநிலை நோயைத் தணிக்கும் என்று நம்பி அவரைத் தொலைவிலுள்ள மதேரா தீவுக்கும் அழைத்துச் சென்றார். அங்கேயே 1873ஆம் ஆண்டு லுட்மிலா உயிர்நீத்தார்.

அந்த இழப்பு மெச்னிகோவை முறித்துப் போட்டது. நுண்ணோக்கியில் இடைவிடாது உழைத்ததால் அவருடைய கண்களும் பழுதுபட்டிருந்தன. இனி ஆய்வும் இல்லை, வாழ்வும் இல்லை என்று எண்ணும் நிலைக்கு அவர் வந்துவிட்டார். அந்த இருண்ட நாள்களில் ஒருநாள், விளக்கைச் சுற்றிப் பறந்த பூச்சிகளை அவர் கண்டார். இவ்வளவு குறுகிய காலமே வாழும் உயிர்கள் எப்படி இயற்கையில் நிலைத்திருக்கின்றன என்ற கேள்வி அவர் உள்ளத்தில் எழுந்தது. அந்தக் கேள்வியைப் பற்றிக்கொண்டே அவர் மெல்ல மெல்லத் தம் பணிக்குத் திரும்பினார். பின்னாளில் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஓல்கா இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். அந்த ஓல்காவை மெச்னிகோவ் 1875ஆம் ஆண்டு மணந்துகொண்டார்.

1881ஆம் ஆண்டு ரஷ்யப் பேரரசர் கொல்லப்பட்டபின் நாடெங்கும் குழப்பம் மிகுந்தது. அரசியல் பூசல்கள் பல்கலைக்கழகத்தையும் விட்டுவைக்கவில்லை. அமைதியாக ஆய்வு செய்ய வழியில்லாமல் போகவே, மெச்னிகோவ் 1882ஆம் ஆண்டு பேராசிரியர் பதவியைத் துறந்தார். ஓல்காவின் பெற்றோர் இறந்துவிட்டதால், அவருடைய தம்பி தங்கையரைப் பராமரிக்கும் பொறுப்பும் இவர்களிடம் வந்திருந்தது. அனைவரும் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள மெசினா நகருக்குச் சென்று, கடற்கரையோரம் ஒரு வீட்டில் தங்கினர். அந்த வீட்டின் வரவேற்பறையே மெச்னிகோவின் ஆய்வுக்கூடமாயிற்று.

ஒருநாள் வீட்டார் அனைவரும் சர்க்கஸ் காட்சியில் வித்தை காட்டும் குரங்குகளைப் பார்க்கச் சென்றுவிட்டனர். மெச்னிகோவ் மட்டும் தனியாக நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது நட்சத்திரமீனின் இளவுயிரி. அது கண்ணாடி போன்று ஒளி ஊடுருவும் உடலைக் கொண்டது. அதனால், அதன் உள்ளே நடப்பதை அறுத்துப் பாராமலேயே காணலாம். உடலுக்குள் சில உயிரணுக்கள் அங்குமிங்கும் ஊர்ந்துகொண்டிருந்தன. இவை உணவைத் தேடித்தான் அலைகின்றனவா? உடலுக்குத் தீங்கு செய்ய நுழையும் பொருள்களை எதிர்க்கும் வேலையும் இவற்றுக்கு உண்டா? இந்த எண்ணம் தோன்றியதும் அவரால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அறைக்குள் மேலும் கீழுமாக நடந்தார். சிந்தனையைத் திரட்டிக்கொள்ளக் கடற்கரைக்கும் சென்றுவந்தார்.

எண்ணம் சரிதானா என்று பார்க்க எளிய வழி ஒன்று அவருக்குப் புலப்பட்டது. மனிதனுக்கு முள் தைத்தால் அவ்விடத்தில் சீழ் சேர்கிறது. நட்சத்திரமீனின் இளவுயிரிக்கோ இரத்தக் குழாய்களே கிடையா. அதன் உடலில் முள்ளைச் செருகினால், ஊர்ந்து திரியும் உயிரணுக்கள் தாமாகவே முள்ளை நாடி வரவேண்டும். வராவிட்டால் தம் கருத்து தவறு. சில நாள்களுக்கு முன்புதான் வீட்டுத் தோட்டத்தில், பிள்ளைகளுக்காக ஒரு சிறிய ஆரஞ்சு மரத்தைக் கிறிஸ்துமஸ் மரமாக அலங்கரித்திருந்தார்கள். அதே தோட்டத்திலிருந்து சில ரோஜா முட்களைப் பறித்துவந்து, அந்த இளவுயிரிகளின் தோலுக்கடியில் மெல்லச் செருகினார். அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் விடியற்காலையில் நுண்ணோக்கியில் பார்த்தார். முள்ளைச் சுற்றி உயிரணுக்கள் திரளாகக் குவிந்திருந்தன! ஊருக்குள் புகுந்த பகைவனை மக்கள் சூழ்ந்துகொள்வதைப்போல அவை முள்ளைச் சூழ்ந்திருந்தன. அந்தக் காலைப் பொழுதில் ஒரு விலங்கியல் அறிஞர் மருத்துவ ஆய்வாளராக மாறினார்.

இந்த உயிரணுக்கள் எப்படி வேலை செய்கின்றன? அவற்றுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. ஒரு கிருமி எதிர்ப்பட்டால், உயிரணு தன் உடலின் ஒரு பகுதியைக் கைபோல நீட்டி அதை அணைத்துக்கொள்கிறது. இரு பக்கமும் நீண்ட கைகள் ஒன்றுசேர்ந்ததும் கிருமி ஒரு சிறிய பைக்குள் அடைபட்டுவிடுகிறது. அந்தப் பைக்குள் செரிமானப் பொருள்கள் சேர்ந்து கிருமியைச் சிதைக்கின்றன. ஓரணு உயிர்களுக்கு நீல நிற லிட்மஸ் துணுக்குகளை ஊட்டியும் மெச்னிகோவ் இதனை ஆராய்ந்தார். உள்ளே சென்ற நீலத் துணுக்கு சிவப்பாக மாறியது. லிட்மஸை நீலத்திலிருந்து சிவப்பாக மாற்றுவது அமிலமே என்பது பள்ளி மாணவரும் அறிந்ததுதான். அப்படியானால், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பைக்குள்ளும் ஓர் அமில வயிறு இருக்கிறது!

1883ஆம் ஆண்டு வியன்னா நகரில் மெச்னிகோவ் தம் கருத்தை அறிஞர்களிடம் விளக்கினார். அங்கிருந்த ஒரு பேராசிரியரின் துணையால் இந்த உயிரணுக்களுக்குக் கிரேக்கச் சொற்களிலிருந்து ஃபாகோசைட் என்ற பெயர் அமைந்தது. தமிழில் இவற்றை விழுங்கணுக்கள் எனலாம். அடுத்த ஆண்டு நீர்த்தெள்ளு என்னும் நுண்ணிய உயிரியில் அவர் ஓர் உண்மையான போரையே கண்டார். ஊசி வடிவிலான பூஞ்சை வித்துகள் நீர்த்தெள்ளின் குடலைத் துளைத்து உடலுக்குள் நுழைந்தன. விழுங்கணுக்கள் விரைந்து வந்து அவற்றைச் சிதைத்தபோது நீர்த்தெள்ளு பிழைத்தது. அவற்றை மீறி வித்துகள் பெருகியபோது அது மடிந்தது. நோய் வெல்வதும் தோற்பதும் இந்தச் சிறிய போர்க்களத்தில் முடிவாவதை அவர் உலகுக்கு எடுத்துக்காட்டினார்.

விழுங்கணுக்கள் காவலர்கள் மட்டுமல்ல, துப்புரவாளர்களும்கூட என்பதை மற்றோர் ஆய்வு உணர்த்தியது. தலைப்பிரட்டை தவளையாக மாறும்போது அதன் வால் மறைந்துவிடுகிறது. வால் அறுந்து விழுவதில்லை. தேவையற்றுப்போன வால் தசைகளின் சிதைவுகளை விழுங்கணுக்கள் உட்கொள்வதை மெச்னிகோவ் கண்டார். நம் உடலிலும் இத்தகைய பணி ஒவ்வொரு நொடியும் நடைபெறுகிறது. சிவப்பணு ஒன்று ஏறக்குறைய 120 நாள்கள் உழைத்துத் தேய்ந்துபோனதும், மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் அதை உட்கொண்டு, அதிலுள்ள இரும்புச்சத்தை மீண்டும் பயன்படும்படி எடுத்துக் கொடுக்கின்றன.

எனினும், புதிய கருத்தை உலகம் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. வெள்ளணுக்களுக்குள் கிருமிகள் இருப்பதை மருத்துவர்கள் முன்பே பார்த்திருந்தனர். ஆனால், அவர்கள் அதற்கு நேர்மாறான பொருள் கொண்டிருந்தனர். கிருமிகளை உடலெங்கும் சுமந்து சென்று நோயைப் பரப்புபவை வெள்ளணுக்களே என்று பலர் நம்பினர். காவலனையே கள்வனாகக் கருதிய காலம் அது. ஜெர்மனியின் புகழ்பெற்ற கிருமியியல் அறிஞர் ராபர்ட் கோக் மெச்னிகோவின் கருத்தை ஏற்கவில்லை. 1890ஆம் ஆண்டு, பெரிங், கிட்டாசாட்டோ ஆகிய இருவரும் இரத்தத்தின் நீர்ப்பகுதியில் நச்சுமுறிவுப் பொருள்கள் இருப்பதை நிறுவினர். உடலைக் காப்பது இரத்த நீரே, உயிரணுக்கள் அல்ல என்ற வாதம் அதனால் வலுப்பெற்றது.

ஒடெஸ்ஸாவில் தொடங்கப்பட்ட கிருமியியல் ஆய்வகத்தை மெச்னிகோவ் சிறிது காலம் நடத்தினார். அங்கும் எதிர்ப்புகள் எழவே, 1888ஆம் ஆண்டு பாரிஸ் நகருக்குச் சென்றார். வெறிநாய்க்கடிக்குத் தடுப்பு மருந்து கண்ட லூயி பாஸ்டர் அவரை வரவேற்று, தம் பெயரில் அமைந்த புதிய ஆய்வுக் கழகத்தில் இடம் தந்தார். இறக்கும்வரை இருபத்தெட்டு ஆண்டுகள் அவர் அங்கேயே உழைத்தார். எதிர்ப்பாளர்கள் ஒரு கேள்வியை எழுப்பினால், அவர் ஓர் ஆய்வைக் கொண்டு அதற்கு விடை கூறினார். சினமும் வேகமும் கொண்டவர் என்றாலும், தம்மை எதிர்த்தவர்களிடம் அவர் பகைமையை வளர்க்கவில்லை. எதிரணியிலிருந்த பெரிங்கே பின்னாளில் அவருக்கு நெருங்கிய நண்பரானார்.

இறுதியில் இரு தரப்பும் உண்மையின் ஒரு பாதியைக் கையில் வைத்திருந்தது தெரியவந்தது. 1903ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த ஆய்வு இதைத் தெளிவாக்கியது. இரத்த நீரிலுள்ள சில பொருள்கள் கிருமிகளின்மேல் படிந்து, விழுங்கணுக்கள் அவற்றை எளிதில் பற்ற உதவுகின்றன. நீரும் அணுவும் போட்டியாளர்கள் அல்ல, கூட்டாளிகள். 1908ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மெச்னிகோவுக்கும், எதிர்த்தரப்புக் கோட்பாட்டை வளர்த்த பால் எர்லிக்குக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது மிகவும் பொருத்தமாகும்.

முதிய வயதில் மெச்னிகோவ் முதுமையைப் பற்றியே ஆராயத் தொடங்கினார். குடலிலுள்ள சில கிருமிகள் உடலை மெல்ல நஞ்சாக்குகின்றன என்றும், புளித்த பால் அவற்றை அடக்கும் என்றும் அவர் கருதினார். தாமும் நாள்தோறும் புளித்த பாலை அருந்தினார். தயிர் ஆயுளைக் கூட்டும் என்ற அவருடைய நம்பிக்கை நிறுவப்படவில்லை. ஆயினும், குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு உண்டு என்று அவர் எழுப்பிய சிந்தனை இன்று பெரிய ஆய்வுத்துறையாக வளர்ந்துள்ளது.

1914ஆம் ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. ஆய்வுக்கூடத்தின் இளைஞர்கள் போர்முனைக்குச் சென்றனர். உயிரைக் காக்கும் வழியைத் தேடியே வாழ்நாளைக் கழித்தவருக்கு, இளம் உயிர்கள் ஆயிரக்கணக்கில் மடிவது தாங்கொணாத் துயரமாயிற்று. இதயம் நலிவுற்ற நிலையில், 1916ஆம் ஆண்டு ஜூலை மாதம் தமது 71ஆம் வயதில் அவர் மறைந்தார். அவருடைய அஸ்தி, அவர் உழைத்த பாஸ்டர் ஆய்வுக் கழகத்தின் நூலகத்திலேயே வைக்கப்பட்டது.

மெச்னிகோவ் தொடங்கிய பயணம் அவரோடு முடியவில்லை. உயிரணுவின் உள்ளே செரிமானப் பொருள்கள் நிறைந்த சிறு பைகள் இருப்பதை 1955ஆம் ஆண்டு கிறிஸ்டியன் டி டூவ் என்னும் அறிஞர் அறிவித்தார். உயிரணு வெளியிலிருந்து வந்த கிருமியை மட்டுமன்றி, தன்னுள் பழுதான பகுதிகளையும் அப்பைகளில் இட்டுச் செரித்துத் தன்னைத்தானே தூய்மைப்படுத்திக்கொள்கிறது. இது நடைபெறும் முறையை ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமிக்கு 2016ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. அது மெச்னிகோவ் மறைந்து சரியாக நூறாம் ஆண்டு.

ஒருகாலத்தில் வாழ்வே வேண்டாமென்று துவண்ட அந்த மனிதர் மீண்டெழுந்து பணிக்குத் திரும்பியதால், மனித உடலைப் பற்றிய அறிவு வளர்ந்தது. நாம் உறங்கும்போதும் விழித்திருக்கும்போதும் நமக்காக ஓயாமல் உழைக்கும் கோடிக்கணக்கான துப்புரவாளர்கள் நம்முள் இருக்கிறார்கள் என்பதை அவரால்தான் நாம் அறிந்துகொண்டோம்.